இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும்

வானொலியில் வாயால் மட்டுமே சுட்டுப் பழகியவன் நான். விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள அக்காள் வீட்டுக்குப் போனபோது, அத்தான் தம்முடைய துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துச் சென்று, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்.

மேசை விளிம்பில் அதை அழுத்தி வைத்து, தோளோடு இறுக்கிக்கொண்டு சுட்டேன். 20 மீட்டரில் ஐந்து ஈயக்குண்டும் ஐந்து திசைக்குப் போயின. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இறுக்காதே மச்சான், அது துள்ளட்டும்," என்றார் அத்தான்.

விசையை இழுத்ததும் சுருள்வில் பிஸ்டனை முன்னே தள்ளும். துப்பாக்கி பின்னே நகரும். அழுந்திய காற்றில் பிஸ்டன் முட்டியதும் துப்பாக்கி முன்னே உதறும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. கெட்டியான மேசை என்றால் துப்பாக்கி எகிறும். நம் பிடியோ ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி.

மணல் பைமேல் இடக்கையை மல்லாத்தி, உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா கிடத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், தோளில் பட்டும் படாமலும். அடுத்த ஐந்தும் தே தாரிக் கிளாஸ் வாயளவுக்குள் அடங்கின!

நம் நாட்டில் உரிமமின்றி இதை வைத்திருக்கக் கூடாது. ஆசைப்படுவோர் முறையான சங்கத்தில் சேருங்கள்.

மருமகள் சுட்ட ஐந்தும்? 50 காசு நாணயத்துக்குள்.