ரிப்போர்ட்டில் வராத வலி

1964-இல் வேலூரில் டெங்குவைப் போன்ற ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டு வலியில் மக்கள் சுருண்டு படுத்தார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வு செய்துவந்த மயர்ஸ், கேரி குழுவினர் நோயாளிகளின் ரத்தத்தையும் ஊரில் பிடித்த கொசுக்களையும் சோதித்தார்கள். இரண்டிலும் சிக்குன்குனியா வைரஸ் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அது கொல்கத்தாவில் கண்டறியப்பட்டிருந்தது.

நாற்பதாண்டு கழித்து அதே நோய் திரும்பி வந்தது. 2006-இல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. ஆனால் பலருக்கு வலி மாதக்கணக்கில் நீடித்தது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில். அதே காலத்தில் இந்நோய் தாக்கிய ரீயூனியன் தீவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், மூட்டு வலியும் நாள்பட்ட சோர்வும்தான் இந்நோய் விட்டுச்செல்லும் இரண்டு முகங்கள் என்று எழுதினார்கள். கிருமி போன பிறகும் உடம்பு மீளாமல் போவது உண்டு. கோவிட்டுக்குப் பிறகு உலகமே இதைக் கண்ணால் பார்த்தது.

வேலூரைச் சுற்றியுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதித் தோல் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து ஷூவின் மேல்பகுதியைத் தைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வாழ்க்கை. இப்படி ஒரு பெண் “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தூங்கி எழுந்தாலும் அசதி போகல” என்று டாக்டரிடம் போனால், அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். ரிப்போர்ட் வரும். “எல்லாம் நார்மல்தாம்மா, ரெஸ்ட் எடுங்க” என்பார். வீட்டில் அந்தச் சொல் “உனக்கு ஒண்ணுமில்லையாமே” என்று மாறிவிடும்.

ஒன்றுமில்லை என்பது தவறு. இதைச் சொல்ல இன்று மருத்துவத்திடம் போதுமான சான்று இருக்கிறது.

உடல் முழுவதும் பரவும் வலி, தூக்கமின்மை, மறதி, ஓயாத சோர்வு ஆகியவை சேர்ந்த நோய் ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்திலாவது வலித்தால் இந்நோய் என்று 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வரையறுத்தார்கள். 2010-இல் அந்த அழுத்தும் சோதனை கட்டாயமில்லை என்றாகி, நோயாளி சொல்லும் வலியின் பரப்பும் தீவிரமும் கணக்கில் வந்தன. இதற்கிடையே 2002-இல் ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. நோயாளிகளின் கட்டைவிரலை மெல்ல அழுத்தியபடி மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். வலியை உணரும் பகுதிகள் தெளிவாகச் செயல்பட்டன. நலமாக இருப்பவர்களுக்கு அதே அளவு வலி தெரிய வெகு அதிகமாக அழுத்த வேண்டியிருந்தது. நோயாளிகள் வலியை மிகைப்படுத்தவில்லை. இவர்களுடைய நரம்பு மண்டலம் அப்படித்தான் உணர்கிறது.

2021-இல் லண்டன், லிவர்பூல், ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களை எலிகளுக்குச் செலுத்தினார்கள். லேசான அழுத்தமும் குளிரும்கூட எலிகளுக்கு வலித்தன. பிடிமான வலுவும் குறைந்தது. நலமானவர்களின் எதிர்ப்புரதம் செலுத்திய எலிகளுக்கு எதுவும் ஆகவில்லை. மனப்பிரமை என்று சொல்லி நோயாளியை அனுப்புகிறவர்கள் இந்த ஒரு சோதனையைப் படித்தால் போதும்.

நாள்பட்ட சோர்வு நோய் இதன் உடன்பிறப்பு போலத் தோன்றும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் இதற்கென்று ஒரு தனி அடையாளம் உண்டு: சிறிய உழைப்புக்குப் பிறகு, சில மணி நேரத்திலோ மறுநாளோ, உடல் அப்படியே சரிந்துவிடும். மீண்டெழ நாட்களோ வாரங்களோ ஆகலாம். உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஓரளவு தேறலாம் என்று பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் சொன்னது. அதன் முறைகளை நோயாளிகளும் ஆய்வாளர்களும் பல ஆண்டு விடாமல் கேள்வி கேட்டார்கள். 2021-இல் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி அந்தப் பயிற்சி முறையைக் கைவிட்டது. 2025-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் காட்டினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மிதமான உடற்பயிற்சி நல்ல மருந்து. 2017-இன் ஐரோப்பியப் பரிந்துரை அதைத்தான் முதலில் வைக்கிறது. சோர்வு நோய்க்கோ, வற்புறுத்திய பயிற்சி கேடு செய்யலாம். எது எந்த நோய் என்று பிரித்தறியாமல் “நடங்க, சரியாகிடும்” என்பது ஆபத்து. வாரம் ஒரு வலி ஊசி போட்டுக்கொள்வதும் தீர்வல்ல. வலிமாத்திரையை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் பாழாகலாம்.

இந்திய அனுபவத்துக்கு வருவோம். கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான 2,494 பெண்களிடம் ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. நூற்றில் பன்னிரண்டு பேர் ஆறு மாதத்துக்கு மேல் சோர்வோடு இருந்தார்கள். (இது எல்லா வகைச் சோர்வும் சேர்ந்த கணக்கு, நோய் என்று உறுதியானவர்கள் மட்டுமல்ல.) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. எனவே சோர்வு என்றதும் இரும்புச்சத்து மாத்திரைதான் நினைவுக்கு வரும். ஆனால் கோவாவில் சோர்வுக்கும் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பே தென்படவில்லை. கடன், பசி, கணவனின் வன்முறை, மன வேதனை ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி ஆகியவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால் விசாரணை அங்கே முடிந்துவிடக் கூடாது.

தோல் தொழிலின் ரசாயனங்கள்தான் இந்நோய்களைத் தருகின்றன என்று சான்றில்லாமல் சொல்லக் கூடாது. ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம். உலகில் நூற்றுக்கு இரண்டு பேருக்காவது ஃபைப்ரோமயால்ஜியா இருக்கும் என்கின்றன ஆய்வுகள். அதிலும் பெண்கள் அதிகம். அப்படியானால் ஆயிரம் பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் குறைந்தது இருபது பேர். சோர்வு நோய்க்கு இன்றைய முக்கிய வழி, உடம்பின் தெம்பை அளந்து செலவழிப்பது. டார்கெட் முடிக்காமல் எழ முடியாதவள் எதை அளந்து செலவழிப்பாள்? இ.எஸ்.ஐ. காப்பீட்டில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகை உண்டு. அதற்கு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நோய்க்குப் பெயரே எழுதப்படாவிட்டால் சான்றிதழ் எங்கிருந்து வரும்? வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் ஷூ தைக்கும் பெண்களுக்கோ அந்த உதவியும் இல்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவு நீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாட்டுக்கே முன்மாதிரி. அப்படிப் போராடிக் கேட்கத் தெரிந்த மண், இந்த நோய்களுக்கான கவனிப்பையும் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் வருகிறார்கள். அவர்கள் கூடவே இரண்டு கேள்வி கேட்கட்டும்: உடம்பு முழுக்க மூன்று மாதமாக வலிக்கிறதா? வேலை செய்த மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகிறதா? ஆம் என்பவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறட்டும்.