கேட்டது இரண்டு நெடுவரிசை, திறந்தது முழு ஒர்க்புக்

அஸ்தம்பட்டியில் ஒரு டியூஷன் சென்டர், ஐந்து ரோட்டில் அதற்கு ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். மாணவர் பெயர், மதிப்பெண், பெற்றோரின் செல் நம்பர், கட்டிய பீஸ், பாக்கி எல்லாம் அஸ்தம்பட்டி அலுவலகத்தின் கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. கிளைக்கு வேண்டியது பெயரும் மதிப்பெண்ணும்தான். மூல ஒர்க்புக்கின் லிங்க்கையும் செல் எல்லையையும் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ பார்முலாவில் போட்டால் முதலில் பிழை காட்டும். ‘அலோ ஆக்சஸ்’ பொத்தானை அழுத்தியதும் விவரம் வந்து நிரம்பிவிடும்.

சிக்கல் அந்தப் பொத்தானில் இருக்கிறது. அனுமதி இரண்டு நெடுவரிசைகளோடு நிற்பதில்லை. கிளையின் ஷீட்டைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் பார்முலாவில் எல்லையை மாற்றி, மூல ஒர்க்புக்கின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம். பெற்றோரின் நம்பரும் பீஸ் பாக்கியும் அதில் அடக்கம். அனுமதி கொடுத்தவரை மூல ஒர்க்புக்கிலிருந்து நீக்கும்வரை இந்த வழி திறந்தே இருக்கும். கூகுளின் உதவிக் குறிப்பிலேயே இது இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

தாளை மறைத்து வைத்தால் போதும் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த மனுவுக்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பைக் கொடுத்தது. யார் கண்ணிலும் படாமல் அதில் மறைந்திருந்த தாளில் 9,483 பேரின் குடும்பப்பெயர், பதவி, பணியிடம் இருந்தன. போலீஸ்காரர்கள் குறிவைத்துக் கொல்லப்பட்ட வரலாறு உள்ள ஊர் அது. மறு ஆண்டு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

நாமக்கல் முட்டை வியாபாரிக்குக் கவலை வேறு. விலை ஷீட்டை லிங்க் செய்து பில் போடுகிறார். மூலத்தில் யாரோ இடையில் ஒரு நெடுவரிசையை நுழைக்கிறார். பார்முலாவில் எழுதிய எல்லை தானாக நகராது. விலை இருந்த இடத்தில் வேறு எண் வந்து உட்காரும், பிழை எதுவும் காட்டாமல். மூலத்தில் அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையே பார்முலாவில் எழுதினால் இதைத் தவிர்க்கலாம்.

கசிவுக்கு நல்ல தீர்வு, நடுவில் இன்னொரு ஒர்க்புக். தேவையான நெடுவரிசைகள் மட்டும் அதில் வரட்டும். கிளைக்கு அதை மட்டும் லிங்க் செய்ய வேண்டும், திருத்தும் உரிமை தரக்கூடாது. அரை மணி நேர வேலைதான், சிறு நிறுவனங்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பையும் மாற்ற வேண்டும். வேலையை விட்டுப் போனவரை இரண்டு ஒர்க்புக்கிலிருந்தும் நீக்க வேண்டும்.

பெற்றோருக்கும் சட்டம் இடம் தருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தங்கள் விவரம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், திருத்தவும் அழிக்கவும் சொல்லலாம். தகுந்த பாதுகாப்பு இல்லாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமைகளும் முக்கியக் கடமைகளும் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். கசிந்த நம்பரை வைத்து யாராவது பணம் பறித்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.