பட்டியலா, பள்ளிக்கூடமா?

1920ஆம் ஆண்டில் மதராஸ் மாகாண அரசு இளையோரை இருவேறு கண்களால் பார்த்தது. குற்றம் செய்த சிறுவரைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்கக் கூடாது, அவர்களை விசாரிக்கத் தனி நீதிமன்றமும் திருத்தத் தனிப் பள்ளியும் வேண்டும் என்று சொன்ன மதராஸ் சிறார் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. இந்தியாவிலேயே இவ்வகையில் அதுவே முதல் சட்டம். அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, மதுரைச் சீமையின் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது அதே அரசின் போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். தவறு செய்த பிள்ளைக்கும் மறுவாய்ப்பு தர வேண்டும் என்றது ஒரு சட்டம். எந்தத் தவறும் செய்யாத பிள்ளையும் பிறப்பால் சந்தேகத்துக்கு உரியவன் என்றது இன்னொன்று. இளையோரைச் சமூகம் எப்படி உருவாக்குகிறது, எதற்கு அவர்களைப் பொறுப்பாக்குகிறது என்ற கேள்விக்கு மதுரைச் சீமையின் நூறாண்டு வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

வட இந்தியாவில் 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. மதுரை மாவட்டத்தில் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்மீது பாய்ந்து, 1918இல் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் வளைத்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். வயதுக்கு வந்த ஆணின் பெயரும் பத்து விரல் ரேகையும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறும். சொன்ன நேரத்தில் அவர் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒரு பையன் வளர்ந்து ஆளாகிறான் என்றால் பதிவேட்டில் ஒரு வரி கூடுகிறது என்று பொருள்.

இதன் கொடுமை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதன் அறிவீனம் போதிய அளவு பேசப்படவில்லை. ஒருவனைப் பொறுப்பாளி ஆக்குவது என்றால், நல்லபடி நடந்தால் ஒரு விளைவு, கெட்டபடி நடந்தால் வேறொரு விளைவு என்று இருக்க வேண்டும். ரேகைச் சட்டம் அந்த வேறுபாட்டையே அழித்தது. திருடினாலும் திருடாவிட்டாலும் பதினெட்டு வயதுப் பையன் போலீஸ் வாசலில் நிற்க வேண்டுமென்றால், நேர்மையால் அவனுக்கு என்ன ஆதாயம்? கூலி வேலைக்கு வெளியூர் போவதற்கும் சீட்டு வேண்டுமென்றால், உழைத்துப் பிழைக்கும் வழியை அடைத்தது யார்? 1895இல் திறந்த பெரியாறு அணையின் நீர் மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்தது. உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. தண்ணீர் சேராத மண்ணுக்கு அரசு போலீஸை அனுப்பியது.

ஆனால் அதே அரசு இன்னொரு வழியையும் திறந்தது. 1920களில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊர்ப் பஞ்சாயத்துகள் உருவாயின. ஜார்ஜ் ஜோசப் போன்ற வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் மக்களுக்காக வாதாடினார்கள். ரோசாப்பூ துரை என்று மக்கள் ஜோசப்பைக் கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவர் முதலான தலைவர்கள் இயக்கம் நடத்தினார்கள். 1947இல் மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. பதிவேடு போனது, பள்ளிகள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. ஆசிரியராக, அலுவலராக, போலீஸ்காரராகவே கூட அடுத்தடுத்த தலைமுறைகளை மாற்றியதில் அந்த வகுப்பறைகளுக்குப் பெரும் பங்குண்டு.

அந்தத் திட்டமும் கண்காணிப்பின் இன்னொரு கைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மக்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாகப் பார்த்த கண்ணோட்டம் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. பதிவேட்டில் ஏறிய பெயருக்கு அடுத்த படி இல்லை. பள்ளியில் சேர்ந்த பெயருக்கு அடுத்த வகுப்பு உண்டு. கொடுத்தவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், மக்கள் அந்தப் பள்ளிகளைத் தமதாக்கிக்கொண்டு அவர் நினைத்ததைவிட அதிக தூரம் போனார்கள். வழிகாட்டல் வெற்றி பெறுவது இப்படித்தான்: இளைஞன் கையில் ஒரு கருவி சேர வேண்டும், அதை அவன் தன் விருப்பப்படி பயன்படுத்த முடிய வேண்டும்.

இன்றைய சட்டம் இந்தப் பாடத்தை ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம் விசாரிக்கிறது. அறிவுரை, ஆற்றுப்படுத்தல், சமூகப் பணி, பெற்றோருக்கு அபராதம், மூன்றாண்டு வரை சிறப்பு இல்லம் என்று அது பலவகையில் உத்தரவிடலாம். பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்திருந்தால், அவருடைய மனநிலையையும் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறனையும் குழுமம் மதிப்பிட்டு, வழக்கைப் பெரியவர்களுக்கானதைப் போல நடத்தச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். இந்த விதிவிலக்கில் தண்டனை பெற்றவர்கள் தவிர மற்றவர்களின் வழக்குப் பதிவுகள் உரிய காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். ரேகைச் சட்டத்துக்கு நேர்மாறான ஏற்பாடு இது. கேள்வி கேட்கும், ஆனால் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்காது.

கொலை வழக்கில் பதினேழு வயதுப் பையனின் பெயர் அடிபடும்போதெல்லாம், சட்டம் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்ற கோபம் எழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, கொன்றவனின் வயது ஆறுதலாகாது என்பது உண்மை. அந்தக் கோபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. விசாரணையும் விரைவாக முடிய வேண்டும். ஆனால் இந்தியாவில் ஓராண்டில் சிறார்மீது பதிவாகும் வழக்குகள் சுமார் 30,000. இது மொத்தக் குற்ற வழக்குகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நாட்டின் குற்றங்களுக்குப் பிள்ளைகள்தான் காரணம் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரமில்லை. மிகக் கொடிய சில வழக்குகளுக்குச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. அவற்றைக் காட்டி மற்ற எல்லாப் பிள்ளைகளையும் சிறைக்கு அனுப்பினால், பழகிய குற்றவாளிகளிடம் நாமே அவர்களைப் பாடம் படிக்க அனுப்பியவர்கள் ஆவோம்.

அரசு கைவிட்ட பட்டியலைச் சமூகம் கைவிட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சாதிப் பகையால் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்கவும், மாணவர்கள் சாதி அடையாளக் கயிறுகளும் மோதிரங்களும் அணிவதைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. கையில் வண்ணக் கயிறோடு வகுப்புக்கு வரும் பையனுக்கும் பிறப்பால் ஒரு பதிவேடு இருக்கிறது. எழுதியவர்கள் போலீஸ்காரர்கள் அல்லர். உற்றார், ஊர்ப் பெரியவர்கள், தேர்தல் கணக்குப் போடுபவர்கள். முன்பு அந்த அடையாளம் அவமானமாகத் திணிக்கப்பட்டது, இன்று பெருமையாகக் கட்டப்படுகிறது. அவன் செய்யாததற்கு அவனைப் பொறுப்பாக்குவது இரண்டுக்கும் பொது. ரேகைச் சட்டத்தால் நொந்த சமூகங்களும் அதை நொந்து படிக்கும் மற்றவர்களும் இந்த ஒற்றுமையைக் காண வேண்டும்.

பெயரை நீக்கினால் வரலாறு அழியும், உரிமையும் சொத்தும் கைவிட்டுப் போகும் என்ற எதிர்ப்பு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விஷயத்தில் வலுவாக எழுந்தது. சொத்து பற்றிய கவலையைச் சட்டப்படியான உறுதிமொழியால் தீர்க்க வேண்டும். பெருங்காமநல்லூரின் வரலாற்றை அந்தப் பள்ளிகளில் மட்டுமின்றி எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக வைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்தபின், ஏழு வயதுக் குழந்தை தன் சாதியைப் பலகையில் எழுத்துக்கூட்டிப் படித்தபடி உள்ளே நுழைய வேண்டிய தேவை என்ன?

பிள்ளையை வளர்ப்பது பெற்றோர் பாடு, இதில் ஊருக்கும் அரசுக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. விடியலில் வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்றுதான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. பெற்றோரின் கடமையை இவை பறிக்கவில்லை, அதை நிறைவேற்றத் துணை நிற்கின்றன. இன்னும் குறையாக இருப்பது பள்ளி விட்ட பிறகான நேரம்: விளையாட இடம், தொழில் கற்றுத் தரும் ஆள், படிப்பை நிறுத்திய பையனை வீடு தேடிப் போய் விசாரிக்கும் ஆசிரியர்.

இளையோரிடம் பொறுப்பை எதிர்பார்க்கச் சமூகத்துக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு மூன்று நிபந்தனைகளும் உண்டு. செய்த செயலுக்கு மட்டுமே கேள்வி கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் வழிகாட்டியிருக்க வேண்டும். கணக்கு தீர்ந்தபின் ஏட்டை மூட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், குற்றவாளிக் கூண்டில் பையனுக்குப் பக்கத்தில் நாமும் நிற்க வேண்டியவர்கள்தான்.