அச்சு முறியாமல் சாலை முறிவதேன்?

‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை ஒரு வண்டியைக் காட்டுகின்றார். ஏற்றிய பண்டமோ மென்மையான மயிற்பீலி. ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்கின்றார். வேந்தனுக்குச் சொன்ன அவ்வுவமை இன்று நெடுஞ்சாலைச் சட்டமாகவே நம்முன் நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே: அன்று முறிந்தது அச்சு, இன்று எஃகு அச்சு தாங்கிக்கொள்ள, முறிவது சாலை.

செங்கல்பட்டுப் பகுதிக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் லாரிகளையும், ஜி.எஸ்.டி. சாலையில் பரனூரைக் கடக்கும் நீண்ட டிரெய்லர்களையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவற்றுக்கு ஏன் இத்தனை சக்கரங்கள்? சாலை, வண்டியின் மொத்த எடையை ஒருசேர உணர்வதில்லை. ஒவ்வோர் அச்சின் வழியே இறங்கும் பாரத்தையே உணர்கின்றது. மொத்த எடை வரம்புக்குள் இருப்பினும், சரக்கைப் பின்புறமே குவித்தால் பின்னச்சு வரம்பு மீறிவிடும்.

ஆதலால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் அச்சுதோறும் வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. நான்கு டயர்கள் கொண்ட தனியச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018 ஜூலையில் 11.5 டன்னாயிற்று, எட்டு டயர்கள் கொண்ட இரட்டையச்சுக்கு 19 டன் 21 டன்னாயிற்று. டிரெய்லர் வண்டிகளின் மொத்த எடையின் உச்ச வரம்பும் 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது. மாமல்லபுரத்து ‘வெண்ணெய் உருண்டை’ப் பாறை ஏறத்தாழ 250 டன் என்பர். தனியச்சுக் கணக்கில் அதனைச் சுமக்கக் கல்லுக்கு மட்டுமே 22 அச்சுகள் வேண்டும்!

‘ஒரு டன் கூடினால் என்ன?’ என்பார் உளர். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெருஞ்சோதனை இதற்கு விடை தந்தது. அச்சின் பாரம் இருமடங்கானால் சாலையின் சேதம் இருமடங்கன்று. ஏறத்தாழ 16 மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இருமடங்காகும். லாபம் ஒருவருக்கு, பள்ளம் ஊருக்கு. அப்பள்ளத்தில் வீழ்வது பெரும்பாலும் இருசக்கர வண்டியில் செல்லும் எளியவரே.

கட்டணம் பெற்றுக்கொண்டு மிகைப்பாரத்தை மாநிலங்கள் அனுமதித்தல் ஆகாது என உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2019 செப்டம்பர் முதல் மிகைப்பாரத்துக்குத் தண்டம் 20,000 ரூபாய்; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம்.

ஈண்டு நாம் கருதவேண்டிய நீதி ஒன்றுண்டு. சட்டம் ஓட்டுநரை மட்டும் சுட்டவில்லை. ஓட்டச் செய்தவரையும், ஓட்ட இடந்தந்தவரையும் சேர்த்தே சுட்டுகின்றது. எவ்வளவு ஏற்றுவது என முடிவு செய்பவர் ஒருவர். எடைமேடையில் தலைகுனிந்து நிற்பவர் மற்றொருவர். இந்நிலை மாறவேண்டும். பாரத்தை ஏற்றுபவரே பொறுப்பையும் ஏற்பாராயின், அச்சும் பிழைக்கும், சாலையும் பிழைக்கும், அதில் செல்லும் உயிர்களும் பிழைக்கும்.