தேக்கா தீபாவளிச் சந்தை: தெருவில் கடை போட யார் அனுமதி தருகிறார்கள்?

தீபாவளிக்கு முந்திய வாரம் கேம்பல் லேன் பக்கம் போயிருக்கிறீர்களா? தோரணம், அகல் விளக்கு, முறுக்கு, மருதாணி. ஆளை ஆள் இடிக்காமல் நடக்க முடியாது. பண்டிகை முடிந்த சில நாளில் கூடாரம் எல்லாம் காணாமல் போய்விடும்.

நேற்றுவரை காலியாக இருந்த இடத்தில் திடீரென்று கடை. இதற்கு 'ஓகே' சொல்வது யார்?

சிங்கப்பூரில் நகராட்சி இருக்கிறதா?

இப்போது இல்லை. முன்பு இருந்தது. 1957 டிசம்பரில் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் தன்னாட்சி கிடைத்ததும் நகராட்சியின் பணிகள் அரசாங்கத்திடம் போய்விட்டன.

இன்றும் ஐந்து மேயர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களின் மேயர்கள். நகர மன்றங்களோ வீவக புளோக்குகளையும் அவற்றின் பொது இடங்களையும் பராமரிப்பவை. தீவு முழுவதற்கும் சேர்த்து முடிவெடுக்கும் ஒரே நகராட்சி இங்கே கிடையாது.

அப்படியானால் யாரிடம் கேட்க வேண்டும்?

ஒருவரிடம் கேட்டால் போதாது. தெருவில் சந்தை நடத்த நினைக்கும் ஏற்பாட்டாளர் பல கதவுகளைத் தட்ட வேண்டும்:

• அரசாங்க நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம்
• சாலையை மூட வேண்டுமென்றால் நிலப் போக்குவரத்து ஆணையமும் காவல்துறையும்
• உணவு விற்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பு
• கூடாரம், மேடை பெரிதாக இருந்தால் கட்டட, கட்டுமான ஆணையம்
• தீப் பாதுகாப்புக்குச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை

லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு, பொங்கல் கொண்டாட்டம் போன்றவற்றில் முன்னால் நிற்பது 'லிஷா' என்ற கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம்.

தெருவில் விற்க ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

இந்த இழுபறி ரொம்பப் பழையது. கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை நடப்பவர்களுக்காக வந்தது. கடைக்காரர்களோ அங்கே சாமான் அடுக்கினார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அவற்றை அகற்றப் போனபோது கலவரமே வெடித்தது. கடைகள் மூடப்பட்டன, வண்டிகள்மீது கல் விழுந்தது. கடைசியில், நடக்க வழி விட்டால் போதும் என்ற அளவுக்கு அதிகாரிகள் இறங்கிவந்தார்கள்.

பிறகு சுகாதாரம் பெரிய கவலையானது. தெருவோர வியாபாரிகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. கழிவு கால்வாயில் கலந்தது. 1968-69இல் சுமார் 18,000 தெருவோர வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டார்கள். 1971இலிருந்து உணவங்காடி நிலையங்கள் எழுந்தன. 1986க்குள் தெருவோர வியாபாரிகள் எல்லாரும் இடம் மாற்றப்பட்டார்கள். நாம் பரோட்டா சாப்பிடும் தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டது. அன்று தெருவில் இருந்து நகர்த்தப்பட்ட அதே அங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது.

அப்போ, பிரச்சினை என்ன?

பண்டிகைச் சந்தையால் கூட்டம் வரும். ஆனால் அந்தக் கூட்டம் யாரிடம் வாங்குகிறது? வருடம் முழுக்க வாடகை கட்டும் கடைக்காரர், சில வாரங்களுக்கு மட்டும் வரும் கடை அதே பொருளைத் தன் வாசலிலேயே விற்பதைப் பார்த்தால் வருத்தப்படாமல் இருப்பாரா?

தற்காலிகக் கடைக்காரருக்கும் சுலபம் இல்லை. கேலாங் சிராய் ரமலான் சந்தையில் சில உணவுக் கடைகளின் வாடகை 10,000 வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பணம் கடைசியில் நாம் வாங்கும் உணவின் விலையில்தான் வந்து நிற்கும். இதற்கு நடுவில், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அங்கேயே குடியிருப்பவருக்கும் வழி வேண்டும்.

விதி மாறவே மாறாதா?

மாறும். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்க 1973இலிருந்து தடை இருந்தது. சமூகத்தோடு பேச்சு நடந்த பிறகு, 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தடை முழுதாக நீங்கவில்லை. ஆனால் பேசினால் இடம் கிடைக்கும் என்பது தெரிந்தது.

சந்தைக்கும் அதுவே பொருந்தும். எத்தனை கடை, எந்தப் பொருள், எவ்வளவு வாடகை என்பதெல்லாம் வானத்திலிருந்து விழும் முடிவுகள் அல்ல. அடுத்த தீபாவளிக்கு அந்தப் பக்கம் போகும்போது, கூடாரக் கடையில் மட்டுமல்லாமல் பின்னால் இருக்கும் பழைய கடையிலும் எட்டிப் பாருங்கள். இந்த வருட வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். கதையின் மறுபக்கத்தை அவர் சொல்வார்.