வானுக்குப் புதிய பெற்றரியா? காசைக் கொடுக்குமுன் சற்று நில்லுங்கள்!



நடுநிசியில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். அல்லது மகளுக்குப் பேறு வலி. காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போயாக வேண்டும். வாசலில் சொந்த வான் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். வானின் ஒரு மூலையில், யாரும் திரும்பிப் பாராமல் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியின் அருமை அன்றுதான் விளங்கும்.

மார்க்கம் பேச வேண்டிய மௌலவிக்குப் பெற்றரியில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பொருள் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை விசாரித்துச் செலவு செய்வதும் மார்க்கத்தில் சேர்ந்ததே. நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களில் கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கிறார். வீட்டின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சாரதி "பெற்றரி முடிஞ்சி போச்சி" என்று சொன்னவுடன் காசை எண்ணிக் கொடுத்துவிடாமல், நான்கு கேள்விகள் கேட்கும் அறிவு உங்களுக்கு வேண்டாமா?

குறை பெற்றரியில்தானா?

முதலில் பெற்றரியின் இரு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் நம் ஊர்களில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துத் துலக்கி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டினால் பல வேளைகளில் வான் உயிர் பெற்றுவிடும். கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். பக்கத்தில் சிகரெட்டோ தீக்குச்சியோ ஆகாது. பெற்றரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கக் கூடியது.

அடுத்து, மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓர் இரவு ஓடாமல் நின்ற வானின் நல்ல பெற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. பின்னர் என்ஜினை ஓடவிட்டு அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ஓடும்போது பெற்றரிக்கு மின்னேற்றும் ஒல்டனேற்றரிலோ அதன் பட்டியிலோதான் கோளாறு. அதைத் திருத்தாமல் புதிய பெற்றரி போட்டால், அதுவும் சில நாட்களில் படுத்துவிடும். காசும் போய், வானும் ஓடாது. இது வீண்விரயம் அல்லவா?

நீண்ட நாள் நிறுத்தி வைத்த வானிலும் பெற்றரி இறங்கிப் போகும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓடாமல் நின்ற வாகனங்களை நினைத்துப் பாருங்கள். இறங்கிய பெற்றரியை உடனே மெதுவாக மின்னேற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். வாரக் கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே தகடுகளில் கட்டி படிந்து மீளாமலே போகலாம்.

பொருத்தமானது எது?

மின்னேற்றியும் நிற்கவில்லையா? அப்போது புதியது வாங்கத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே பழைய லைட்ஏஸ், டவுன்ஏஸ், டொல்பின் வான்கள் பலர் கைமாறி இன்றும் ஓடுகின்றன. முன்னைய சொந்தக்காரர் எதையோ போட்டிருக்கலாம். "இருந்ததைப் போலவே ஒன்று" என்று கேட்காமல், வானின் கைநூலில் சொன்ன அளவைக் கேளுங்கள்.

ஜப்பானிய வான்களுக்கான பெற்றரியில் '46பி24எல்' என்பது போன்ற குறி இருக்கும். 46 என்பது அதன் வலுவின் தரம். 'பி' அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும். 24 என்பது சென்டிமீற்றரில் நீளம். கடைசி எழுத்து 'எல்' அல்லது 'ஆர்', முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இந்த ஓர் எழுத்து மாறினால் கம்பி எட்டாது. முனைகளை மாற்றிப் பூட்டிவிட்டாலோ ஒல்டனேற்றர் எரிந்து போகலாம்.

டீசல் வானா, பெற்றோல் வானா என்பதையும் கடையில் சொல்லுங்கள். டீசல் என்ஜினைச் சுழற்றக் கூடுதல் வலு வேண்டும். மலிவு என்று சிறியதை வாங்கினால் அது சீக்கிரம் களைத்துவிடும். தட்டில் சரியாக உட்காருமானால் சற்றுக் கூடிய வலு தவறில்லை, குறைந்தது ஆகாது.

குளிர் நாடுகளில் பெற்றரிக்குப் பகை பனி என்பார்கள். நமக்கோ பகை வெயில். சூடு தகடுகளை அரிக்கும். உள்ளே இருக்கும் நீரை வற்றச் செய்யும். மூடி திறக்கும் வகை என்றால் மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம். கிணற்று நீரில் உப்பு இருக்கிறது, அது ஆகாது. அசிட்டும் ஊற்றலாகாது. பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு, நீர் ஊற்றத் தேவையில்லாத வகையே நல்லது.

ஈரத்தை மறைத்த தானியம்

பெற்றரி கடையில் சும்மா இருந்தாலும் வயதாகும். உற்பத்தித் திகதி எங்கே என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். பழையதைத் துடைத்து மினுக்கி, புதிய ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் உலகில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். மேலே மினுக்கி உள்ளே நலிந்த பெற்றரி, அந்த ஈரத் தானியத்தின் இன்றைய வடிவமே.

பற்றுச்சீட்டையும், திகதியிட்டு முத்திரை குத்திய உத்தரவாத அட்டையையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். நீதி இரு பக்கமும் உண்டு: விளக்கை அணைக்காமல் விட்டு நாமே கெடுத்த பெற்றரியை, "தானாகக் கெட்டது" என்று உத்தரவாதத்தில் மாற்றக் கேட்பதும் அதே ஏமாற்றுத்தான்.

பழையதை என்ன செய்வது?

பழையதைக் கடையிலேயே கொடுங்கள். பெரும்பாலும் விலையில் ஒரு தொகை கழிப்பார்கள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலோ கிணற்றடியிலோ போட்டு வைக்காதீர்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்க யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். செனகல் நாட்டில், தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சூர் மேர் என்ற மீனவர் குடியிருப்பில், பழைய பெற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 சிறு பிள்ளைகள் இறந்தனர். அவர்களும் நம்மைப் போன்ற கரையோர மக்களே. பிள்ளையின் மூளைக்கு, இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவே கிடையாது. நம் முற்றத்துக் குப்பை அயலவரின் பிள்ளையைத் தீண்டினால் அதற்கும் நாமே பொறுப்பு.

ஆகவே சகோதரிகளே, அளந்து பாருங்கள், குறியைப் படியுங்கள், திகதியைக் கேளுங்கள், சீட்டை வாங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பாரம் சாட்ட வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நடுநிசியில் உதவ வேண்டிய வானைப் பகலிலேயே ஆயத்தப்படுத்தி வைப்பதும் அந்தப் பாடத்தில் அடங்கியதே. அல்லாஹ் நம் பொருளிலும் பயணங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.