குறுங்குதிரைக்குத் துணிக்கொட்டகை: விளக்கக் கட்டுரைக்கு ஒரு புதிய பொருள்



விளக்கக் கட்டுரை என்றதும் நம் மாணவர்கள் கைப்பேசி, நூலகம், உடற்பயிற்சி என்று பழகிய தலைப்புகளுக்கே போய்விடுகிறார்கள். பழகிய தலைப்பில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதால் 'ஏன்?' என்று யாரும் கேட்பதில்லை. 'ஏன்' இல்லாத விளக்கம் வெறும் பட்டியல்தானே? அதனால் இம்முறை நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும், பனி பெய்யும் ஊர்களில், கார் நிறுத்துவதற்காக விற்கப்படும் துணிக்கொட்டகையை வாங்கிக் குறுங்குதிரைகளுக்கு லாயமாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்? இதைக் கருத்துணர் பகுதியாகவும் பயன்படுத்தலாம். வேண்டிய பத்தியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

முதலில் சொற்கள்

'மினியேச்சர் ஹார்ஸ்' என்பதைக் 'குட்டிக் குதிரை' என்று எழுதிவிடாதீர்கள். குட்டி நாளைக்கு வளர்ந்து பெரிய குதிரையாகிவிடும். 'மட்டக்குதிரை' என்றும் எழுத முடியாது. அது போனிக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். நாம் பேசுவது, வளர்ந்து முடித்த பிறகும் நம் இடுப்பளவுக்கே நிற்கும் ஒரு வகைக் குதிரை. ஆகவே குறுங்குதிரை என்று வைத்துக்கொள்வோம். 1978-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரிமயிர் முடியும் இடத்தில் அளந்தால் அதன் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். உங்கள் வகுப்பறை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் முதுகு மேசையைவிட ஒரு சாண்கூட உயர்ந்து தெரியாது. எடை 100 கிலோவைச் சுற்றி இருக்கும். சவாரி செய்யும் பெரிய குதிரையோ 500 கிலோ.

துணிக்கொட்டகை என்ற சொல்லையும் யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். கூடாரம் என்றால் சாரணர் முகாம் நினைவுக்கு வரும். இது அதைவிட உறுதியானது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை வளைவாகவோ முக்கோணக் கூரையாகவோ நிறுத்தி, பாலித்தீன் இழையால் நெய்த விரிப்பை மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் இரவுச் சந்தையில் பார்க்கும் கேனப்பிக்கு அண்ணன் என்று சொல்லலாம். பக்கச் சுவர்களும் துணிதான். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வார இறுதியில் நிறுத்திவிடலாம். வேண்டாம் என்றால் கழற்றி வேறு இடத்தில் நடலாம். வாடகை நிலத்தில் குதிரை வளர்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி. மரத்தில் லாயம் கட்டினால் செலவும் அதிகம், வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகவும் முடியாது.

குட்டையாக இருப்பதில் உள்ள வசதி

பெரிய குதிரைக்கு ஓர் அறை 12 அடிக்கு 12 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குறுங்குதிரைக்கு 8 அடிக்கு 8 அடி போதும். 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஒரு சாதாரணக் கார்க் கொட்டகையில், 8 அடி ஆழத்தில் பத்துப் பத்து அடி அகலமாக இரண்டு அறைகள் பிரிக்கலாம். மீதி 4 அடியில் நடைபாதை. இரண்டு குதிரைகள் தாராளமாக இருக்கும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு, தனியாக விட்டால் தவிக்கும் என்பதால் இரண்டு அறை என்பது ஆடம்பரம் இல்லை.

உயரமும் அப்படித்தான். பெரிய குதிரை தலையை உயர்த்தினாலே கொட்டகையின் தாழ்வான ஓரத்தில் இடித்துக்கொள்ளும். குறுங்குதிரைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, அது குட்டையாக இருப்பதால்தான் இந்த யோசனையே சாத்தியமாகிறது. ஆனால் அதே குட்டைத்தனம் வேறு சில ஆபத்துகளையும் கொண்டுவருகிறது. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானமாக வாசியுங்கள்.

தரையிலிருந்து ஒரு மீட்டர்

கொட்டகைக்குள் நாம் நின்றுகொண்டு மூச்சு விடுவது ஒன்றரை மீட்டர் உயரத்தில். குறுங்குதிரை மூச்சு விடுவது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். படுத்துவிட்டால் மூக்கு தரையிலேயே இருக்கும். குதிரையின் சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வாயு வெளிப்படுகிறது. அது பிறக்கும் இடம் தரையில் விரித்த மரச்சீவல் படுக்கை. எனவே அங்கேதான் செறிவும் அதிகம். நின்றுகொண்டிருக்கும் உரிமையாளர், "வாடையே இல்லையே!" என்பார். அவர் குந்தி உட்கார்ந்து முகர்ந்து பார்க்க வேண்டும். கண் எரிந்தால் குதிரையின் நுரையீரல் இரவு முழுக்க அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் அன்பு காரணமாகவே ஒரு தவறு நடக்கிறது. வெளியே கடுங்குளிர். பாவம், குதிரை நடுங்குமே என்று எல்லாப் பக்கமும் துணியை இறக்கி, ஜிப்பை மூடி, இண்டு இடுக்கையும் அடைத்துவிடுகிறார்கள். துணி காற்றை விடாது. குதிரையின் மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த கூரையில் பட்டுத் துளியாகி முதுகிலேயே சொட்டும். உள்ளே அம்மோனியா ஏறும். குளிரைவிட இதுதான் மோசம். நல்ல குளிர்கால உரோமம் வளர்ந்த, வயிறு நிறைய உலர்புல் தின்ற, நலமாக உள்ள குதிரை உறைநிலைக்குக் கீழே 10 பாகையையும் தாங்கும். நார்ச்சத்து குடலில் செரிக்கும்போதே உடலுக்குள் சூடு பிறக்கிறது. (உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. கட்டுரையில் கலந்து எழுதாதீர்கள்.) அதனால் தாங்க முடியாதவை இரண்டுதான்: நனைந்த உரோமம், ஊடுருவும் காற்று. நனைந்தால் உரோமம் ஒட்டிக்கொள்ளும். இடையில் தேங்கி நின்று சூட்டைக் காக்கும் காற்று போய்விடும். ஆகவே கொட்டகையின் வேலை குதிரையைச் சூடாக வைத்திருப்பது அன்று; உலர்வாக வைத்திருப்பது. ஒரு பக்கத்தைத் திறந்தே விடலாம். வட அமெரிக்காவின் பல பகுதிகளில் குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால், திறப்பைத் தெற்கு அல்லது தென்கிழக்கு நோக்கி வைப்பார்கள். கூரையின் உச்சியை ஒட்டி இரு முனைகளிலும் சிறு திறப்பு இருந்தால் ஈரக்காற்று மேலேறி வெளியே போய்விடும்.

தரை மேடாக இருக்க வேண்டும் என்பதை நாம் விளக்கவே வேண்டியதில்லை; வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். சரளைக்கல் பரப்பி, அதன்மேல் ரப்பர் பாய், அதன்மேல் மரச்சீவல். அவ்வளவுதான்.

துணி சுவர் ஆகாது

கார் சுவரில் சாயாது. கார் முதுகைத் தேய்க்காது, கடிக்காது, உதைக்காது. குதிரை இத்தனையும் செய்யும். அதனால் உள்ளே 4 அடி உயரத்துக்கு மரப்பலகைச் சுவர் வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலகையை இரும்புக் குழாயிலேயே முடுக்கிவிடுவது சுலபம்தான். ஆனால் 100 கிலோ விலங்கு சாயும்போதெல்லாம் அந்த விசை மெல்லிய குழாய்க்குப் போய்ச் சேரும். சட்டகம் மெல்ல மெல்லக் கோணும். தரையில் தனியாகத் தூண்கள் ஊன்றி அவற்றில் பலகை அடிப்பதே முறை. கூரை தன் பாட்டுக்கு நிற்கட்டும், சுவர் தன் பாட்டுக்கு நிற்கட்டும்.

பலகைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. ஏன் தெரியுமா? குதிரை சுவரோரமாகப் படுத்துப் புரளும்போது கால் அந்த இடைவெளியில் நுழைந்து மாட்டிக்கொண்டால் அதனால் எழ முடியாது. நெடுநேரம் அப்படியே கிடந்தால் தன் எடையே தசைகளை நசுக்கும். துடித்துத் துடித்துக் காலை முறித்துக்கொள்ளவும் கூடும். பெரிய குதிரையின் குளம்பு நுழையாத இடைவெளியில் குறுங்குதிரையின் குளம்பு நுழைந்துவிடும். அறைகளைப் பிரிக்கும் கம்பித் தடுப்பிலும் இதே கதைதான். பெரிய குதிரைக்கென்று செய்த தடுப்பின் கம்பிகளுக்கு இடையே இது தலையை விட்டுவிடும். குட்டி இருந்தால் அடியில் நுழைந்து வெளியே போய்விடும். நெருக்கமான கண்ணுள்ள கம்பிவலை வேண்டும். வெளியிலும் நல்ல வேலி தேவை. இந்த உருவத்துக்குப் பெரிய எதிரி அக்கம்பக்கத்து நாய்கள்தாம். துணிச்சுவர் நாயைத் தடுக்காது.

தீயைப் பற்றி ஒரே வரி: பாலித்தீன் உருகி எரியும், உலர்புல் பற்றிக்கொள்ளும், எனவே சூடேற்றும் விளக்கு இந்தக் கொட்டகைக்குள் வரவே கூடாது.

காற்றும் பனியும்

கேனப்பி பறந்ததைப் பார்த்திருப்பீங்க. திறந்த வாய்க்குள் காற்று புகுந்தால் கொட்டகை குடையைப் போல மேலே தூக்கப்படும். கார்க் கொட்டகையோடு வரும் சிறிய முளைகள் போதாது என்று பலர் திருகு வடிவ நங்கூரங்களைத் தனியாக வாங்கி மண்ணுக்குள் ஆழமாகத் திருகுகிறார்கள். அதையும் குளிர்காலம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். நிலம் உறைந்த பிறகு இரும்பு இறங்காது. துணி முதல் சில வாரங்களில் தளரும். மறுபடி இறுக்காவிட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளும். குதிரை மிரளும், துணியும் குழாயில் உரசி உரசிக் கிழியும்.

பனிதான் நமக்குப் புரியக் கடினம். "பஞ்சு மாதிரி இருக்குமே சார், அதுக்கு என்ன கனம்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டே காட்டுங்கள். 12 அடிக்கு 20 அடி என்பது ஏறக்குறைய 22 சதுர மீட்டர். அதன்மேல் 30 சென்டிமீட்டர் பனி படிந்தால் 6.6 கன மீட்டர். புதிதாகப் பெய்த, உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 660 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை 66. அதே பனி ஈரமாகி இறுகிப்போனால் கன மீட்டருக்கு 300 கிலோவையும் எட்டும். அப்போது ஏறக்குறைய 2 டன். கூரைமேல் இரண்டு மைவி கார்களை நிறுத்தியது போல! மெல்லிய குழாய்கள் சிலவற்றை நம்பி இந்தப் பாரம் நிற்கிறது, கீழே இரண்டு குதிரைகள் தூங்குகின்றன.

முக்கோணக் கூரையில் பனி ஓரளவு தானே சரிந்துவிடும். தட்டையான வளைவில் தங்கும். எந்தக் கூரையானாலும் பெய்யப் பெய்ய இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குதிரைகளை வெளியே கொண்டுவந்துவிட்டு, நுனியில் துணி சுற்றிய துடைப்பத்தால் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். பாரம் ஏறிய கூரைக்கு நடுவே போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. நள்ளிரவில் பெய்தாலும் யாராவது எழுந்து போக வேண்டும். என்னைக் கேட்டால், இரவில் எழுந்துபோக ஆள் இல்லாத வீட்டுக்காரர் கனமான பனி பெய்யும் ஊரில் இந்த வகைக் கொட்டகையை வாங்கவே கூடாது. பனிப்பாரத்துக்கென்றே வடிவமைத்த, தடித்த குழாய்கள் கொண்ட பெரிய துணிக்கொட்டகைகளும் விற்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் அவை வேறு ரகம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். குறுங்குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுத் துணி சில ஆண்டுகளிலேயே நைந்துபோகும். ஒரு குதிரையின் ஆயுளுக்குள் கூரையைப் பலமுறை மாற்ற வேண்டிவரும். தொடக்கத்தில் மலிவாகத் தெரிந்தது, 20 ஆண்டுக் கணக்கில் மலிவாக இருக்குமா என்பதைத் துணியின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பில்

ஆசிரியர்களே, மேலே உள்ள பகுதியில் 'ஏனெனில்', 'இதனால்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களை நான் எல்லா இடத்திலும் எழுதிவிடவில்லை. காரணமும் விளைவும் இருந்தும் இணைப்புச் சொல் இல்லாத இடங்களை மாணவர்கள் கண்டுபிடித்துத் தாங்களே பொருத்தமான சொல்லை இட்டுப் பார்க்கட்டும். பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள். அம்மோனியா இருக்கிறதா என்று பார்க்க உரிமையாளர் ஏன் குந்தி உட்கார வேண்டும்? மரப்பலகையை இரும்புக் குழாயில் முடுக்கினால் என்ன ஆகும்?

எழுதும் பயிற்சிக்கு நம் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். "பனியே பெய்யாத நம் நாட்டில் இதே துணிக்கொட்டகையில் ஆடு வளர்த்தால் எவை மாறும், எவை மாறாது?" 180 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். வெப்பம், மழைநீர் கூரையில் தேங்குவது, காற்று என்று முதல் மூன்றை எல்லாரும் எழுதிவிடுவார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை யார் யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.